சிக்ஸ்த் ஃபார்ம் இரண்டு வருடம்: மதிப்பெண்ணைத் தவிர பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?

வெம்பிளி அம்மா | ஞாயிறு, இரவு 9.12

மூத்தவள் ஜிசிஎஸ்இ, அதாவது இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் பொதுத்தேர்வு, எழுதி முடித்துவிட்டாள். ஆகஸ்டில் முடிவு வரும். இப்போது முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. படித்த பள்ளியிலேயே உள்ள சிக்ஸ்த் ஃபார்ம் (பல்கலைக்கழகத்துக்கு முன் ஏ லெவல் படிக்கும் இரண்டு வருடம்), பேருந்தில் கொஞ்ச தூரம் போனால் ஒரு பெரிய சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரி, அப்புறம் அவளுடைய தோழி சேரப்போகிற டி லெவல் என்கிற தொழில்சார் படிப்பு. வீட்டில் தினமும் இதே பேச்சுத்தான்.

எந்தப் பாடம் எடுப்பது என்று கேட்க வரவில்லை. உயிரியல், வேதியியல், உளவியல் என்று அவளே முடிவெடுத்துவிட்டாள். நான் கேட்பது வேறு. இந்த இரண்டு வருடத்துக்குள் அவளுக்கு 18 வயதாகிவிடும். உள்ளே போகும்போது பிள்ளை, வெளியே வரும்போது சட்டப்படி வளர்ந்த பெண். கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம், வீடு வாடகைக்கு எடுக்கலாம். அதற்கு அவளைத் தயார் செய்ய சிக்ஸ்த் ஃபார்ம் ஏதாவது செய்கிறதா? இல்லை, மூன்று பாடத்தை நடத்திவிட்டு அனுப்பிவிடுகிறதா?

கல்லூரியின் ஓப்பன் ஈவினிங்குக்குப் போனோம். வாரத்தில் சுமார் பதினைந்து மணி நேரம்தான் வகுப்பு, மீதி நேரத்தை மாணவர்களே திட்டமிட வேண்டும் என்றார்கள். என் கணவருக்கு அங்கேயே முகம் மாறிவிட்டது. நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்தில் ஏ.எல். எடுத்தவர்கள். விடியற்காலையில் டியூஷன், பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் திரும்பவும் டியூஷன். எங்களுக்கு வெறும் நேரம் என்று ஒன்று இருந்ததே இல்லை. "காசு கொடுத்து வாங்கமுடியாத வயதில் பாதி நாளைக் கன்டீனில் கழிக்க விடுகிறார்கள்" என்கிறார் அவர். பள்ளி சிக்ஸ்த் ஃபார்மிலாவது யூனிஃபார்ம் மாதிரி ஒரு உடை, வருகைப் பதிவு, தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று அவருக்கு ஆறுதல்.

பிள்ளைகளை இந்த வழியாக அனுப்பியவர்கள், அங்கே வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்.


இயற்பியல் வாத்தியார் | ஞாயிறு, இரவு 10.47

அக்கா, நான் கிழக்கு லண்டனில் ஒரு சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். உங்கள் கணவர் பயப்படுகிற அந்தக் காலி நேரம் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். என் பார்வையில் இந்த இரண்டு வருடத்தில் பிள்ளை கற்கும் பெரிய விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் அக்டோபரில் இதைப் பார்க்கிறேன். ஜிசிஎஸ்இயில் 8, 9 (9தான் உச்சம்) வாங்கி வந்த பிள்ளைகள் முதல் தேர்வில் டி, ஈ வாங்குவார்கள். சிலர் வகுப்பிலேயே அழுதுவிடுவார்கள். அவர்களுக்கு அறிவு குறைந்துவிடவில்லை. ஜிசிஎஸ்இ எழுதும் இயர் 11 முடியும்வரை அவர்களுடைய நாளை வேறு யாரோ நடத்திக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தால் வகுப்பு, மாலையில் ரிவிஷன் கிளாஸ், வீட்டுக்குப் போனால் அப்பா, சனிக்கிழமை டியூஷன். திடீரென்று செவ்வாய்க்கிழமை 11 மணியிலிருந்து 2 மணிவரை எதுவும் இல்லை என்றால் என்ன செய்வது என்றே தெரியாது. முதல் அரைப்பருவம் பெரும்பாலும் பேச்சிலும் போனிலும் போய்விடும்.

அந்தத் தேர்வுக்குப் பிறகு நான் பிள்ளையோடு உட்கார்ந்து கேட்பது இரண்டு கேள்விகள்தான். இந்தத் தலைப்பை எப்போது படித்தாய்? எங்கே உட்கார்ந்து படித்தாய்? பதில் சொல்லமுடியாமல் தலையைக் குனிவார்கள். திட்டுவதில்லை. டைம்டேபிள் தாளை எடுத்து அந்த 11 மணிக் கட்டத்தில் அவர்களையே எழுதச் சொல்வேன். நான் எழுதிக் கொடுத்தால் இரண்டு வாரம் நடக்கும். அவர்கள் எழுதினால் முதலில் பலமுறை உடையும், கிறிஸ்துமஸுக்குப் பிறகு மெல்ல நிற்கும். பிப்ரவரியில் ஒரு பையன் வந்து, "சார், வெள்ளிக்கிழமை எனக்கு மூளை ஓடுவதில்லை, அதனால் அன்றைக்கு வெறும் கணக்குப் பயிற்சி மட்டும் வைத்துக்கொண்டேன்" என்று சொல்வான். தன்னைப் பற்றி அவனுக்கே தெரிந்துவிட்டது. அதை நான் எந்தப் பாடத்திலும் வைத்து நடத்தமுடியாது.

இப்படித் தடுமாற இயர் 12இல், அதாவது சிக்ஸ்த் ஃபார்மின் முதல் வருடத்தில், இடம் இருக்கிறது. 2015இலிருந்து படிப்படியாக ஏ லெவல் முறை மாறியது. முன்பு முதல் வருட முடிவில் எழுதும் ஏஎஸ் தேர்வின் மதிப்பெண் இறுதி கிரேடில் சேரும், இப்போது சேராது. பெரும்பாலான பாடங்களில் எல்லாமே இரண்டாம் வருடக் கடைசித் தேர்வுகளில்தான். ஆனால் இயர் 12 முடிவில் வைக்கும் உள்தேர்வு, ஆசிரியர்கள் முன்கூட்டிக் கணித்துச் சொல்லும் பிரிடிக்டெட் கிரேடுக்குக் கணக்கில் வரும், அதை வைத்துத்தான் பல்கலைக்கழகம் ஆஃபர் தரும். ஆகவே தடுமாற அக்டோபர் சரியான மாதம், ஜூன் இல்லை.

சரி, குறையும் சொல்ல வேண்டும். கல்லூரி தரவேண்டிய ஆதரவில் பாதி காசில்லாமல் போய்விட்டது. 16, 17 வயது மாணவர் ஒருவருக்காக அரசு கல்லூரிக்கு வருடத்துக்குத் தரும் அடிப்படைத் தொகை 2013இலிருந்து 2020வரை 4,000 பவுண்டிலேயே நின்றது. விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டே போனது. முதலில் வெட்டுப்பட்டவை ட்யூட்டர் (பிள்ளையைத் தனியாகக் கவனிக்கும் பொறுப்பாசிரியர்) நேரம், மாலை நிகழ்ச்சிகள், வேலை ஆலோசகர், மனநல ஆலோசகர். வளர்ந்தவராவதற்கு உதவுகிற விஷயங்கள் எல்லாம் இந்தப் பட்டியலில்தான் இருந்தன. 2014இல் 18 வயது மாணவர்களுக்கான தொகையை மட்டும் 17.5 விழுக்காடு குறைத்து 3,300 ஆக்கினார்கள். மூன்றாவது வருடம் தேவைப்படுகிற பிள்ளை யார்? முதல் தடவை சறுக்கியவள், நோயில் விழுந்தவள், வேறு நாட்டிலிருந்து தாமதமாக வந்தவள். அதிக உதவி தேவைப்பட்டவர்களுக்குக் குறைந்த காசு. இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.


தேம்ஸ்கரை | திங்கள், காலை 7.58

வாத்தியார் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. நாங்கள் ரெடிங்கில் இருக்கிறோம், பையன் இப்போதுதான் இயர் 13 முடித்தான். கணிதம், மேல்நிலைக் கணிதம், இயற்பியல். வகைக்கெழுச் சமன்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். சூப்பர்மார்க்கெட்டில் கோடைகால வேலைக்குப் போய் முதல் பேஸ்லிப் (சம்பளச் சீட்டு) வந்தபோது அதில் வரிக் குறியீடு என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. நேஷனல் இன்சூரன்ஸ் எண் (வரிக்கும் அரசு உதவிக்குமான அடையாள எண்) 16 வயதை ஒட்டி வீட்டுக்குத் தபாலில் வந்தது. அந்தக் கடிதம் எதற்கு என்று பள்ளியில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் மாணவர் கடன். இங்கிலாந்தில் 2023 ஆகஸ்டுக்குப் பிறகு பட்டப்படிப்பு தொடங்குகிறவர்களுக்குப் பிளான் 5 என்கிற கடன் திட்டம். வருடச் சம்பளம் 25,000 பவுண்டுக்கு மேல் போனால் அந்த மேல்தொகையில் 9 விழுக்காடு பிடிப்பார்கள், 40 வருடம் கழித்துத்தான் மீதி தள்ளுபடி. கல்விக் கட்டணம் மட்டும் 2025–26இல் வருடத்துக்கு 9,535. இந்தக் கடனுக்கு விண்ணப்பிப்பது இயர் 13 படிக்கும்போதே. பல பிள்ளைகளுக்கு அப்போது 17 வயதுதான். 60 வயதைத் தாண்டியும் கூட வரக்கூடிய ஒரு பொறுப்பைப் பற்றி அவன் பள்ளியில் நடந்தது ஒரே ஒரு அசெம்பிளி.

நாங்கள் தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்தபோதும் இதெல்லாம் சொல்லித் தரவில்லைதான். ஆனால் ஆறு பாடம் இருந்தது. தமிழும் படித்தோம், இங்கிலீஷும் படித்தோம். இங்கே 16 வயதில் மூன்றே பாடத்துக்குள் பிள்ளையை அடைத்துவிடுகிறார்கள். அதற்கு அப்புறம் அவன் ஒரு கட்டுரைகூட எழுதவில்லை, ஒரு நாவல்கூடப் படிக்கவில்லை. வளர்ந்த மனிதன் என்றால் இதுவும் சேர்ந்ததுதானே?


இயர் 13 மாணவி | திங்கள், மாலை 5.20

வணக்கம். நான் இப்போது இயர் 13இல் இருக்கிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ், பிழை இருந்தால் மன்னிக்கவும். அம்மா இந்த இழையைக் காட்டி "நீ எழுது" என்றார்.

காலி நேரம் பற்றி வாத்தியார் சொன்னது உண்மை. எனக்கும் முதல் டெர்ம் அப்படித்தான் போனது. ஆனால் என்னை மாற்றியது அது மட்டும் இல்லை, சின்னச் சின்ன விஷயங்கள். சுகமில்லை என்றால் நானே கல்லூரிக்கு அழைத்துச் சொல்ல வேண்டும். ஒரு பாடம் எனக்குச் சரிவரவில்லை, மாற்ற வேண்டும் என்று நினைத்தபோது துறைத் தலைவரிடம் நானே நேரம் கேட்டுப் போய்ப் பேசினேன். முந்தைய பள்ளியாக இருந்தால் அப்பா போய்ப் பேசியிருப்பார். அங்கே ஆசிரியர் என்னைப் பார்த்தார், "நீ ஏன் மாற்ற நினைக்கிறாய்?" என்று கேட்டார், பதிலுக்காகக் காத்திருந்தார். என் வாழ்க்கையில் ஒரு பெரியவர் என் முடிவுக்கு என்னிடமே காரணம் கேட்டது அதுதான் முதல் தடவை.

16 வயதிலிருந்து ஜிபியிடம் (குடும்ப மருத்துவர்) தனியாகப் போகலாம், நம்முடைய சிகிச்சைக்கு நாமே சம்மதம் கொடுக்கலாம் என்பதும் ட்யூட்டர் பீரியடில்தான் தெரிந்தது. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் வகுப்பில் ஒருத்தி மிகவும் மனச்சோர்வாக இருந்தாள். அந்த ட்யூட்டர் பீரியடுக்குப் பிறகுதான் டாக்டரிடம் போனாள்.

யூகாஸ் (பல்கலைக்கழக விண்ணப்பம்) விஷயம் ஒன்று சொல்கிறேன், பெற்றோர் கோபிக்க வேண்டாம். 2026 சேர்க்கையிலிருந்து, நம்மைப் பற்றி நாமே எழுதும் பெர்சனல் ஸ்டேட்மென்ட் ஒரே கட்டுரை இல்லை, மூன்று கேள்விகளாக்கிவிட்டார்கள். ஏன் இந்தப் படிப்பு, படித்த பாடங்கள் உன்னை எப்படித் தயாராக்கின, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள். என் தமிழ்த் தோழிகளில் பாதிப் பேருக்கு அதை எழுதியது அப்பாவோ, மாமாவோ, காசு வாங்குகிற ஆலோசகரோ. எழுதினது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "ஏன் இந்தப் படிப்பு" என்று நேர்முகத்தில் கேட்டால் அவர்களிடம் சொந்தமாக ஒரு பதில் இல்லை. மூன்று மாதம் உட்கார்ந்து அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்தான் எனக்கு மருத்துவம் வேண்டாம், மருந்தியல் வேண்டும் என்று தெரிந்தது.


லெஸ்டர் மின்பணி | திங்கள், இரவு 8.35

தங்கச்சி நன்றாக எழுதியிருக்கிறாய்.

நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். என் மகன் 16 வயதில் எலக்ட்ரீஷியன் அப்ரண்டிஸ்ஷிப்பில் (சம்பளத்தோடு தொழில் பழகும் பயிற்சி) சேர்ந்தான். வாரத்தில் ஒரு நாள் கல்லூரி, மீதி நாள் சைட். காலை ஆறரைக்கு வேன் வாசலில் நிற்கும். முதல் மாதமே ஐம்பது வயது ஆட்களோடு வேலை. தாமதமாகப் போனால் திட்டு விழும், வயரை மாற்றிப் பூட்டினால் திரும்பக் கழற்ற வேண்டும். சம்பளம் அவன் கணக்கில் வரும், அதில் வீட்டுக்கு ஒரு பங்கு தருகிறான். வளர்ந்தவனாக்குவது என்றால் இதைவிட வேறு என்ன இருக்கிறது? 18 வயதுவரை பள்ளியிலேயே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 2008 சட்டத்தில் வயதை உயர்த்தினார்கள், 2013இல் 17, 2015இல் 18 என்று நடைமுறைக்கு வந்தது. அது கல்வி அல்லது பயிற்சி. அப்ரண்டிஸ்ஷிப்பும் அதில் அடங்கும். நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் சபையில் சொல்ல வெட்கப்படுகிறார்கள்.

இடம் கிடைப்பதுதான் கஷ்டம். 16 வயதுப் பிள்ளையை எடுக்க முதலாளிகள் தயங்குகிறார்கள், இன்சூரன்ஸ், கார் ஓட்டத் தெரியாது என்று பல காரணம். எனக்குத் தொழிலில் ஆட்களைத் தெரிந்ததால் கிடைத்தது. தெரியாத வீட்டுப் பிள்ளைக்கு யார் கொடுப்பார்கள்? இன்னொன்று, அப்ரண்டிஸ்ஷிப்பில் சேர்ந்தால் பிள்ளைக்காக அரசு பெற்றோருக்குத் தரும் சைல்டு பெனிஃபிட் நின்றுவிடும். சிக்ஸ்த் ஃபார்மில் இருந்தால் 20 வயதுவரை கூடத் தொடரலாம். குறைந்த வருமானக் குடும்பம் இதையும் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்கிறது.

வெம்பிளி அக்கா, அந்த டி லெவலை ஒதுக்கிவிட வேண்டாம். 2020இல் தொடங்கியது. மூன்று ஏ லெவலுக்குச் சமம். அதில் குறைந்தது 315 மணி நேரம் உண்மையான வேலையிடத்தில் போய்ச் செய்ய வேண்டும். மருத்துவமனை ஆய்வகம், கட்டுமானம், கணக்கு அலுவலகம் எல்லாம் உண்டு.


குரொய்டன் அக்கா | செவ்வாய், காலை 10.05

எல்லாவற்றையும் வாசித்தேன். ஒன்று கேட்கிறேன். இங்கே எழுதிய எல்லாருடைய பிள்ளைகளும் பாஸ் பண்ணிய பிள்ளைகள். பாஸ் பண்ணாத பிள்ளை எப்போது வளர்ந்தவனாவது?

என் சின்னவனுக்கு இங்கிலீஷில் 3 வந்தது. தேற 4 வேண்டும். 2014இலிருந்து உள்ள விதிப்படி, இங்கிலீஷிலோ கணிதத்திலோ 4 இல்லாமல் வருகிற பிள்ளை அதைத் தொடர்ந்து படிக்க வேண்டும், இல்லையென்றால் கல்லூரிக்கு அவனுக்கான காசு கிடைக்காது. அவன் 3 வாங்கியதால் ஜிசிஎஸ்இயையே மறுபடி எழுத வேண்டும். ஒரு தொழிற்கல்லூரியில் சமையல் கலை படிக்கிறான். சமையலறையில் அவன் நிற்கிற நிலை வேறு. இருபது பேருக்கு நேரத்துக்குச் சாப்பாடு போகிறது, கத்தி பிடிக்கத் தெரியாத புதுப் பிள்ளைக்கு அவன்தான் காட்டிக் கொடுக்கிறான். வியாழக்கிழமை மட்டும் ரீசிட் (மறுதேர்வு) வகுப்பு. அன்று காலையில் வயிறு வலிக்கிறது என்பான். நவம்பரில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை, அதே தாள், அதே பயம். பதினேழு வயதில் ஒரு நாள் தலைமைச் சமையல்காரன் மாதிரி நடத்தப்படுகிறான், மறுநாள் தேறாதவன் என்று உட்காரவைக்கப்படுகிறான்.

காசு பற்றியும் யாராவது பேசவேண்டும். என் மூத்தவன் படித்த காலத்தில் ஈஎம்ஏ என்கிற அரசு உதவித்தொகை இருந்தது. வாரத்துக்கு 30 பவுண்ட்வரை, வகுப்புக்கு ஒழுங்காகப் போனால், பிள்ளையின் சொந்தக் கணக்கில் விழும். முதல் முதலாக அவன் வங்கி அட்டையை வைத்துக் கணக்குப் பார்க்கப் பழகியது அந்தக் காசில்தான். இங்கிலாந்தில் 2011இல் அதை நிறுத்திவிட்டார்கள். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் இன்னும் இருக்கிறது. இங்கே இப்போது இருப்பது பர்சரி நிதி. காப்பகத்தில் வளர்ந்த பிள்ளை போன்ற சில பிரிவினருக்கு வருடத்தில் 1,200 பவுண்ட்வரை, மற்றவர்களுக்குக் கல்லூரி பார்த்துக் கொடுப்பது. விண்ணப்பிக்க வேண்டும், வீட்டு வருமானத் தாள்களைக் காட்ட வேண்டும். என் பையன் கூச்சத்தில் படிவத்தை எடுத்துக்கொண்டே வரவில்லை. நான் போய்க் கேட்டேன். லண்டனில் ஜிப் ஆய்ஸ்டர் என்கிற மாணவர் பயண அட்டை இருப்பதால் பேருந்தாவது இலவசம். வெளியூரில் என் தங்கச்சி மகள் கல்லூரிக்குப் போக பஸ் பாஸுக்கே ஒரு தொகை எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. நடுக்குளிரில் வேலை முடித்து இரவு பதினொன்றுக்கு வந்து மறுநாள் காலை வகுப்புக்குப் போகிற பிள்ளையிடம் "உன் காலி நேரத்தைத் திட்டமிடு" என்று சொல்ல எனக்கு மனம் வராது.


இயற்பியல் வாத்தியார் | செவ்வாய், இரவு 9.30

குரொய்டன் அக்கா, நீங்கள் எழுதியதை மதிய இடைவேளையில் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ரீசிட் விதி நல்ல எண்ணத்தில் வந்தது. எழுத்தும் கணக்கும் வராமல் ஒரு பிள்ளை வேலைக்குப் போனால் வாழ்நாள் முழுக்க அடிபடுவான் என்பது உண்மைதான். ஆனால் பதினாறு வயதுக்கு என்று எழுதிய அதே தாளைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது தீர்வு இல்லை. சமையலறைக் கையிருப்புக் கணக்கும் வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதமும் வைத்து அவனுக்குச் சொல்லித் தரலாம். அதற்கான ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் தேர்வு ஏற்கெனவே இருக்கிறது. 3 வாங்கிய முழுநேர மாணவருக்கு அதை அனுமதிக்காததுதான் தப்பு.

தேம்ஸ்கரை அண்ணா, மூன்று பாடம் ஏன் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ஏ லெவல் 1951இல் வந்தது. 1959இல் கிரவுதர் குழு 15 முதல் 18 வயதுவரையிலான கல்வி பற்றி அறிக்கை கொடுத்தது. சிக்ஸ்த் ஃபார்மின் அடையாளங்கள் என்று அவர்கள் சொன்னவற்றில் ஒரு துறையில் ஆழ்ந்து போவது, தானாகப் படிப்பது, ஆசிரியரோடு நெருங்கி நின்று கற்பது, சமூகப் பொறுப்பு எல்லாம் உண்டு. அப்போது 18வரை பள்ளியில் இருந்தவர்கள் சிறுபகுதியினர், பல்கலைக்கழகத்துக்குப் போகப்போகிறவர்கள். சட்டப்படி வளர்ந்தவராகும் வயதும் அப்போது 21. 1970 ஜனவரி 1இலிருந்து அது 18 ஆனது. அன்றைக்கு இருந்தே சிக்ஸ்த் ஃபார்மில் வளர்ந்தவர்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள், அமைப்பு மட்டும் பழைய சிறுபகுதிக்காகச் செய்ததாகவே இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் 18வரை இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டபோது, அவர்களுக்கு என்ன தேவை என்று யாரும் முதலிலிருந்து யோசிக்கவில்லை.

பேஸ்லிப், கடன் பற்றி நீங்கள் சொன்னதற்கு ஒரு விடை இருக்கிறது: கோர் மேத்ஸ். கணித ஏ லெவல் எடுக்காதவர்களுக்காக 2014இல் கொண்டுவந்தது, பல்கலைக்கழகச் சேர்க்கையில் ஏஎஸ் அளவுக்கான புள்ளிகள். வரி, வட்டி, மாணவர் கடன், வீட்டுக்கடன், செய்தித்தாளில் வருகிற புள்ளிவிவரத்தை எப்படிச் சந்தேகிப்பது எல்லாம் அதில் உண்டு. வெம்பிளி அக்காவின் மகள் உயிரியலும் உளவியலும் எடுப்பதால் புள்ளியியலுக்கும் உதவும். கல்லூரியில் இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் மகனைப் போல மூன்றும் கணிதம் சார்ந்தவையாக எடுக்கிற பிள்ளைக்குத்தான் இது கிடைக்காமல் போகிறது, அதை ஒத்துக்கொள்கிறேன்.


தேம்ஸ்கரை | செவ்வாய், இரவு 10.41

விளக்கத்துக்கு நன்றி. அப்படியும் என் கருத்து இதுதான்: மூன்று பாடம் போதாது. ஏ லெவலுக்குப் பதில் ஐபி (சர்வதேச பக்கலோரியா) படிக்கிற பிள்ளை ஆறு பாடம் எடுக்கிறான், அறிவு என்றால் என்ன என்று யோசிக்க ஒரு தனி வகுப்பு, 4,000 சொல்லில் ஒரு ஆய்வுக்கட்டுரை, அதோடு சமூக சேவை. சில அரசுப் பள்ளிகளிலும் கிடைக்கிறது, ஆனால் மிகக் குறைவு. ஏ லெவல் பக்கம் இபிக்யூ என்கிற சொந்த ஆய்வுத் திட்டம் இருக்கிறது, விருப்பப்பட்டால் மட்டும். 2023இல் பிரதமர் சுனக் பாடங்களை விரிவாக்கும் புதுத் தகுதி ஒன்றை அறிவித்தார், அடுத்த வருடம் ஆட்சி மாறியதும் கைவிட்டார்கள். ஒவ்வொரு அரசும் பெயரை மாற்றுகிறது, பிள்ளைகள் நடுவில் நிற்கிறார்கள்.


மிட்லண்ட்ஸ் விரிவுரை | புதன், மதியம் 1.15

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் பொறுப்பாசிரியை. சிக்ஸ்த் ஃபார்ம் என்ன செய்தது என்பது எங்களிடம் வந்து சேரும் அக்டோபரில் தெரியும்.

முதல் ஆறு வாரத்தில் காணாமல் போகிற மாணவர்கள் மதிப்பெண் குறைந்தவர்கள் இல்லை. மூன்று ஏ ஸ்டார் வாங்கியவர்களும் அதில் இருக்கிறார்கள். ஒரு வேலையைத் தவறவிடுவார்கள், அதைச் சொல்ல வெட்கப்பட்டு மின்னஞ்சலுக்குப் பதில் போடமாட்டார்கள், பிறகு வகுப்புக்கு வரவே பயம். மாறாக, "எனக்குப் புரியவில்லை, எப்போது வந்து பார்க்கலாம்?" என்று இரண்டு வரி எழுதத் தெரிந்த பிள்ளை எந்த கிரேடோடு வந்தாலும் தேறிவிடுகிறது. அந்த இரண்டு வரியை எழுத எங்கே பழகினார்கள் என்று கேட்டால், இந்த இழையில் மாணவி சொன்னது போன்ற ஒரு இடத்தில்தான். ஒவ்வொரு தலைப்புக்கும் மாதிரி விடை அச்சடித்துக் கொடுத்து, பின்தங்கினால் உடனே வீட்டுக்குப் போன் போடுகிற பள்ளிகளிலிருந்து வருகிறவர்களுக்கு நல்ல கிரேடு இருக்கும், அந்தப் பழக்கம் இருக்காது.

தமிழ்ப் பெற்றோருக்கு ஒன்று. நவம்பரில் எனக்கு அழைப்புகள் வரும். "என் மகள் வகுப்புக்கு வருகிறாளா?" தமிழ்க் குரல் என்று கேட்டதும் மனம் இளகும், ஆனாலும் சொல்ல முடியாது. அவள் வளர்ந்தவள், அவள் சம்மதம் இல்லாமல் அவளுடைய விவரத்தைப் பெற்றோருக்குக் கொடுக்கக் கூடாது. அந்தப் பக்கம் ஒரு தாய் அழுகிறார். பதினெட்டு வருடம் எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருந்தவருக்கு ஒரே செப்டம்பரில் எல்லாம் மூடிவிட்டது. இயர் 12, 13இல் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருந்தால் தாய்க்கும் இவ்வளவு வலிக்காது. அந்த இரண்டு வருடம் பிள்ளைக்கு மட்டும் உரியது இல்லை, பெற்றோரும் பழகிக்கொள்வதற்கு உரியது. மகள் சொல்லாததைக் கேட்காமல் இருக்க, சொல்லும்போது திட்டாமல் கேட்க.


லெஸ்டர் மின்பணி | புதன், மாலை 6.50

மேலே சொன்னது அப்ரண்டிஸ் வீட்டுக்கும் பொருந்தும். மகனுடைய சூப்பர்வைசருக்கு நான் இதுவரை போன் போட்டதில்லை. கை துடிக்கும்.


வெம்பிளி அம்மா | வியாழன், இரவு 9.40

எல்லாருக்கும் நன்றி. இழையை முழுவதும் மகளோடு உட்கார்ந்து வாசித்தேன், பிறகு கணவரும் வாசித்தார். அவருக்கு வாத்தியார் எழுதியதைவிட விரிவுரையாளர் எழுதியதுதான் தைத்தது. "அப்ப இப்பவே பழக வேணும்" என்று மட்டும் சொன்னார். கல்லூரி முழுநேரமும் கண்காணிக்காது என்கிற பயம் அவருக்கு இன்னும் போகவில்லை, எனக்கும்தான்.

மகள் டி லெவல் வேண்டாம் என்கிறாள், பாடங்களைத் திறந்துவைக்க விரும்புகிறாள். பள்ளியா கல்லூரியா என்பதை முடிவெடுக்க இரண்டு இடத்துக்கும் அவளே மின்னஞ்சல் எழுதிக் கேட்டிருக்கிறாள்: ட்யூட்டரோடு தனியாக எத்தனை நேரம், கோர் மேத்ஸ் உண்டா, இபிக்யூ உண்டா, மனநல ஆலோசகரைப் பார்க்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும். கல்லூரி மறுநாளே பதில் போட்டது. பள்ளியிலிருந்து இன்னும் வரவில்லை. குரொய்டன் அக்கா, உங்கள் மகனுக்கு நவம்பர் தேர்வு நல்லபடி போகட்டும். பர்சரி படிவத்தை நாங்களும் கேட்டு வாங்கப் போகிறோம்.

மாணவி பிள்ளை, ஒன்று சொல்லு. சேர்க்கை நாளில் நாங்களும் கூட வரலாமா, அவளைத் தனியாக அனுப்புவதா?


இயர் 13 மாணவி | வியாழன், இரவு 10.15

ஆன்ட்டி, எங்கள் கல்லூரியில் பெற்றோர் வரலாம், ஆனால் பேச்சு மாணவியோடுதான். வாசல்வரை வாருங்கள், மேசைக்கு அவள் தனியாகப் போகட்டும். ரிசல்ட் தாள், பாஸ்போர்ட், முகவரிச் சான்று மூன்றையும் அவள் பையிலேயே வைத்துவிடுங்கள். உளவியல் எங்கள் கல்லூரியில் சீக்கிரம் நிறைந்துவிடும், அதனால் ரிசல்ட் வந்த அன்றே எத்தனை மணிக்குச் சேர்க்கை என்று பார்த்துக்கொண்டு காலையிலேயே போகச் சொல்லுங்கள். பாடம் பிடிக்காவிட்டால் முதல் சில வாரத்துக்குள் மாற்றலாம், கடைசித் தேதி இடத்துக்கு இடம் மாறும், அதை அன்றைக்கே கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும்.